மேதையா, முன்கோபியா? ஐரோப்பிய மொழிச் சொல் ஒன்று: கேள்வி பதில்

கேள்வி: சார், ஸ்பானிஷ் கதையில் ஒரு பாட்டியைப் பற்றி ‘தியேனே முச்சோ ஹேனியோ’ என்று வருகிறது. ‘ஹேனியோ’ ஆங்கில ‘ஜீனியஸ்’தானே, ‘பெரிய மேதை’ என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: கூடாது. வினைச்சொல்லைப் பாருங்கள். ‘எஸ் உன் ஹேனியோ’, அதாவது ‘அவர் ஒரு ஹேனியோ’ என்றிருந்தால் மேதை. ‘தியேனே’ என்றால் ‘உடையவர்’. அதோடு வந்தால் பெரும்பாலும் குணம்தான். உங்கள் பாட்டி சட்டென்று சீறுகிறவர். ‘மல் ஹேனியோ’ சிடுசிடுப்பு, ‘புவென் ஹேனியோ’ நல்ல சுபாவம். ‘ஹேனியோ இ ஃபிகூரா, ஆஸ்தா லா செபுல்தூரா’ என்று பழமொழியே உண்டு: குணமும் தோற்றமும் கல்லறைவரை. அதற்கு ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று தாராளமாகப் போடலாம்.

கேள்வி: அப்படியானால் ஃபிரெஞ்சில் அதே சொல் ‘ஷெனி’; ‘மல் ஹேனியோ’ போல ‘மொவே ஷெனி’யும் சிடுமூஞ்சிதானே?

பதில்: இல்லை. அது கெட்ட வழிக்கு இழுக்கும் ஆவி, அல்லது அப்படிப்பட்ட ஆள். சிடுமூஞ்சித்தனத்துக்கு அங்கே ‘மொவே காரக்தேர்’. ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் வழுக்குவது இங்கேதான்.

கேள்வி: ஆவி, குணம், மேதை மூன்றும் ஒரே சொல்லில் எப்படி?

பதில்: மூலம் லத்தீன் ‘கெனியுஸ்’, ‘ஈனுதல்’ என்ற வேர். ரோமானியருக்கு அது ஆண் ஒவ்வொருவருக்கும் கூடவே பிறக்கும் காவல் தெய்வம் (பெண்ணுக்கு ‘யூனோ’). பிறந்தநாளில் அதற்கு ஒயினும் தூபமும் படைப்பார்கள். கூடப் பிறந்த தெய்வம் நாளடைவில் கூடப் பிறந்த குணமாயிற்று; 18ஆம் நூற்றாண்டில் அபாரமான பிறவித் திறமை என்ற பொருள் ஓங்கி, கடைசியில் அந்த ஆளையே குறித்தது. 1790இல் ஜெர்மன் தத்துவஞானி காண்ட், கலைக்கு விதி வகுத்துத் தரும் பிறவித் திறன் என்று வரையறுத்தார். ஜெர்மன் இந்தப் பொருளுக்காகத்தான் ஃபிரெஞ்சுச் சொல்லை வாங்கியது. அங்கே கோபத்துக்கு இடமில்லை.

கேள்வி: அலாவுதீன் விளக்கு ஜீனி?

பதில்: அரபி ‘ஜின்’ வேறு வேர், மறைந்திருப்பது என்று பொருள். 1704 முதல் 1717 வரை ஆயிரத்தொரு இரவுகளை ஃபிரெஞ்சில் வெளியிட்ட மொழிபெயர்ப்பாளர் கலான், ஒலியும் பொருளும் ஒத்துவந்ததால் ‘ஷெனி’ என்று எழுதினார். ஆங்கில ஜீனி அங்கிருந்து வந்தது.

கேள்வி: ஃபிரெஞ்சுக் கல்லூரிப் பட்டியலில் ‘ஷெனி சிவில்’ என்று பார்த்தேன்.

பதில்: சிவில் இன்ஜினியரிங். ‘இன்ஜினியர்’ இதே வேரின் இன்னொரு லத்தீன் சொல்லான ‘இங்கெனியும்’ வழி வந்த சொல். அதன் பாதிப்பில் ‘ஷெனி’க்குக் கோட்டை கட்டும் கலை என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. 1748இல் பிரான்சின் மெசியேர் நகரில் தொடங்கிய ராணுவப் பொறியியல் பள்ளியின் பெயரிலும் அதுதான். டச்சில் இன்னும் கவனம் வேண்டும்: ‘ஹெட் ஷெனி’ மேதை, ‘டெ ஷெனி’ ராணுவப் பொறியாளர் படை. முன்னால் நிற்கும் சிறுசொல்லைக் கவனிக்காவிட்டால் பாலம் போடும் பட்டாளம் ஒரு மேதையாகிவிடும்.

கேள்வி: இத்தாலியில் ‘நோன் மி வா அ ஜேனியோ’?

பதில்: ‘எனக்கு ஒத்துவராது.’ மேதையும் இல்லை, கோபமும் இல்லை.