விலுக்அப் முதல் மேக்ரோ வரை: எக்செல் கேள்வி பதில்

கேள்வி: சார், மதிப்பெண் ஷீட்டிலிருந்து விலுக்அப் (பெயரைத் தேடி அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் சூத்திரம்) போட்டு எடுக்கிறேன். பாதி மாணவர்களுக்கு #என்/ஏ (கிடைக்கவில்லை) என்று வருகிறது. பெயர் இரண்டு ஷீட்டிலும் ஒன்றுதான்.

பதில்: கண்ணுக்கு ஒன்றுதான். எக்செல்லுக்கும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு ஷீட்டிலும் பக்கத்து செல்லில் =லென்(ஏ2) போட்டால் எழுத்து எண்ணிக்கை வரும். ஒரே பெயருக்கு ஒன்றில் 6, மற்றதில் 7 என்றால் பெரும்பாலும் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். ஓரத்து இடைவெளியை நீக்கும் டிரிம் சூத்திரம் போட்டால் போய்விடும். இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்த பட்டியலில் கணினியின் எழுத்துப் பட்டியலில் 160 என்ற எண்ணுள்ள வேறொரு இடைவெளி வரும்; அதை டிரிம் தொடாது, ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் போட்டு மாற்ற வேண்டும். தமிழில் அடித்த பெயரென்றால் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும். கொம்பு, புள்ளியெல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால் ‘தமிழ்’ என்பதற்கே 5 வரும். அது பிழை இல்லை.

இன்னொன்று. இஃப்எரர் (பிழைக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் சூத்திரம்) போட்டு இந்த #என்/ஏ-வை மறைக்காதீர்கள். அது உங்களை எச்சரிக்கிறது. விலுக்அப்பின் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் (அப்படியே பொருந்துவதை மட்டும் எடு என்று பொருள்) போடாமல் விட்டால்தான் ஆபத்து: வேறொரு மாணவரின் மதிப்பெண் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே பெயரில் இருவர் இருந்தாலும் முதலில் இருப்பவருடையதுதான் வரும். அதனால் பெயரை விட்டுவிட்டுப் பதிவெண்ணை வைத்துத் தேடுங்கள்.

கேள்வி: கதவு எண் 5/12 என்று அடித்தால் தேதியாகிறது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் 0 ஆகிறது. ஏன் அண்ணா?

பதில்: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையின் ஃபார்மேட்டை டெக்ஸ்ட் ஆக்குங்கள், இரண்டும் சரியாகும். போன இலக்கம் திரும்பாது, மறுபடி அடிக்கத்தான் வேண்டும். கூட்டவோ கழிக்கவோ போகாத எதையும் எண்ணாக வைக்காதீர்கள். இந்தத் தேதித் தொல்லையால் 2020-ல் மார்ச்1, செப்ட்1 போன்ற மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

கேள்வி: ஜிஎஸ்டி பில்லில் மொத்தம் ஒரு பைசா உதைக்கிறது.

பதில்: 10.004 என்பது செல்லில் 10.00 என்று தெரியும். அப்படி மூன்றைக் கூட்டினால் 30.012, அதாவது 30.01. ஃபார்மேட் காட்சியை மட்டும்தான் மாற்றும். வரி வரும் ஒவ்வொரு வரிசையிலும் ரவுண்ட் போட்டு இரண்டு தசமத்துக்கு முழுமையாக்குங்கள், அப்புறம் கூட்டுங்கள்.

கேள்வி: காலி வரிசைகளை நீக்க மேக்ரோ (எக்செல்லைத் தானாக வேலை செய்ய வைக்கும் நிரல்) எழுதினேன். சில வரிசைகள் அப்படியே நிற்கின்றன.

பதில்: மேலிருந்து கீழே போகிறீர்கள். 5-வது வரிசையை நீக்கியதும் 6-வது மேலேறி 5 ஆகிவிடும்; லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) அதைப் பார்க்காமல் 6-க்குப் போய்விடும். கடைசி வரிசையில் தொடங்கி ஸ்டெப் -1 என்று மேலே வாருங்கள். வரிசை எண்ணுக்கான மாறியை இன்டிஜர் (சிறிய முழு எண்) என்று அறிவிக்காதீர்கள், 32,767-ஐத் தாண்டினால் ஓவர்ஃப்ளோ என்று நின்றுவிடும். லாங் (பெரிய முழு எண்) போடுங்கள். மேக்ரோ நீக்கியதைக் கன்ட்ரோல் இசட் மீட்டுத் தராது என்பதால், ஓட்டுவதற்கு முன் ஃபைலை ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சேவ் செய்து மறுநாள் திறந்தால் மேக்ரோவே இல்லை!

பதில்: எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலில் மேக்ரோ தங்காது. சேவ் செய்யும்போது எச்சரிக்கை வந்திருக்கும், எஸ் கொடுத்திருப்பீர்கள். எக்ஸ்எல்எஸ்எம் என்று சேவ் செய்யுங்கள்.