நான்கெல்லை எழுதாத பத்திரம்

வணக்கம் அம்மா.

போன வாரம், மாடலாக வேண்டும் என்று ஆசைப்படும் மகளோடு திண்டுக்கல்லில் இருந்து என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தீர்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் சிலவற்றை உடைத்துப் பேச முடியவில்லை. நீங்களும் பாதிப் பாதியாக நிறுத்திக்கொண்டீர்கள். அதனால் எழுதுகிறேன். இதை அவளும் படிக்கட்டும், மறைக்க ஒன்றும் இல்லை.

முதலில் அவசரமான விஷயம். போர்ட்ஃபோலியோ, அதாவது மாடலின் படத்தொகுப்பு எடுக்க அந்த மாடலிங் ஏஜென்சியில் 45,000 ரூபாய் கேட்டார்களே, அதைக் கட்டாதீர்கள். மாடலுக்கு வேலை பிடித்துக் கொடுத்து, வருகிற சம்பளத்தில் கமிஷன் எடுப்பதுதான் ஏஜென்சியின் பிழைப்பு. வேலை வருவதற்கு முன்பே பணம் கேட்கிறவருக்கு அந்தக் கட்டணமே வருமானம். அதன்பிறகு உங்கள் பெண்ணுக்கு வாய்ப்பு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஒழுங்கான ஏஜென்சி முதலில் கேட்பது ‘டிஜிட்டல்ஸ்’ என்கிற சாதாரணப் படங்களைத்தான். மேக்கப் கூடாது. பனியன், ஜீன்ஸ், இழுத்துக் கட்டிய முடி, வெள்ளைச் சுவர். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்துக்கு ஒன்று. ஜன்னல் வெளிச்சத்தில் உங்கள் போனிலேயே எடுத்துவிடலாம்.

உயரம் 5 அடி 5 அங்குலம் என்றாள். ஃபேஷன் ஷோ மேடையில் நடக்கிற ராம்ப் நடைக்குப் பெண்களிடம் பொதுவாக 5 அடி 8 அங்குலத்தை ஒட்டி எதிர்பார்ப்பார்கள். அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். சென்னையிலும் கோவையிலும் கிடைக்கிற வேலை வேறு: ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம், ஆன்லைன் கடைகளுக்கான கேட்லாக் ஷூட். ஒரு கேட்லாக் ஷூட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். குர்த்தா அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் முதுகு நெடுகக் கிளிப்! கொடியில் துணி காயப்போட்ட மாதிரி. ஒன்றைக் கழற்றி அடுத்ததை மாட்ட இரண்டு நிமிஷம், அதே சிரிப்பு, மறுபடி கழற்று. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. சம்பளம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவும் பில் போட்டு, நினைவூட்டி. இதை அவளிடம் சொன்னேன். முகம் சுருங்கவில்லை. அந்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த ஏஜென்சி சாம்பிளுக்கு எடுத்துக் கொடுத்த படத்தை நீங்கள் என்னிடம் காட்டினீர்கள். அதில் அவள் நிறம் இரண்டு மூன்று படி வெளுத்திருந்தது. நீங்கள் “நல்லாத்தானே சார் இருக்கு” என்றீர்கள். அவள் ஒன்றும் பேசாமல் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தக் கோபம் அவளுக்கு மட்டும் உள்ளது இல்லை. கறுப்பும் அழகுதான் என்று 2009-இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது சென்னையில் இருக்கும் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு. பிறகு நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்து நாடு முழுக்கக் கொண்டுபோனார். கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2014-இல் விதி கொண்டுவந்தது. 2020-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பெயரில் இருந்த ‘ஃபேர்’ போனது. பெயர் மாறியதே தவிர, எடிட்டிங் அறையில் முகத்தை வெளுக்கிற பழக்கம் போனபாடில்லை, நீங்கள்தான் பார்த்தீர்களே.

ஹலீமா ஏடன் என்கிற மாடலைப் பற்றி அவளிடம் கொஞ்சம் சொன்னேன், உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன். கென்யாவில் உள்ள ககுமா அகதி முகாமில் பிறந்த சோமாலியப் பெண். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போனார். 2016-இல் மினசோட்டா மாநில அழகிப் போட்டியில் ஹிஜாபோடும், நீச்சல் உடைச் சுற்றில் உடல் மறைக்கும் புர்கினியோடும் நின்றார். அடுத்த வருஷம் ஐஎம்ஜி என்ற பெரிய ஏஜென்சியில் கையெழுத்துப் போட்டபோது, ஹிஜாபைக் கழற்றச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. புகழ்பெற்ற பத்திரிகை அட்டைகளில் எல்லாம் வந்தார். 2020 நவம்பரில் ராம்ப் வேண்டாம் என்று விலகிவிட்டார்.

காரணம் என்ன தெரியுமா? யாரும் ஒரே நாளில் ஹிஜாபைப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு ஷூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அது அவருடையதாக இல்லாமல் போனது. துணிக்குப் பதில் தலையில் ஜீன்ஸைச் சுற்றி நிற்கவைத்தது வரை. தொழுகை தவறியது. அவர் யாரையும் பெரிதாகத் திட்டவில்லை, வாய்ப்புக்காகத் தானே விட்டுக்கொடுத்தேன் என்றார். இந்த வேலையை விட்டுவிடு என்று அம்மா எப்போதோ சொன்னதையும் ஒப்புக்கொண்டார். (இந்த வரியைப் படித்துவிட்டு உடனே மகளிடம் ஓடாதீர்கள்!) அத்தனை கவனமாக எழுதி வாங்கியவருக்கே அந்தக் கதி. நம் பெண்ணிடமோ எழுதிய தாள்கூட இல்லை.

அதனால் அவளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். எந்த வேலைக்கு முடியாது என்று சொல்வாள், ஒரு தாளில் எழுதட்டும். நிறத்தை மாற்றக் கூடாது என்பதை அவளே முதலில் சொல்லிவிட்டாள். எந்த உடை, எந்தப் பொருள் என்பதும் வரட்டும். சிவப்பழகு கிரீமா, பாக்கு நிறுவனம் வேறு பொருள் பெயரில் தரும் விளம்பரமா, சூதாட்ட ஆப்பா? பொய்யான விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைக்கிறவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. இன்ஸ்டாகிராமில் ஒரு கிரீமைக் கையில் பிடித்து “நான் இதைத்தான் போடுகிறேன்” என்று சொல்வதற்கு முன் நிஜமாகவே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று பதிவிலேயே தெரியவும் வேண்டும்.

படிப்பைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். பி.காம் இரண்டாம் வருஷம், முடிக்கட்டும். துணிமேல் அவளுக்கு இருக்கிற ஆசைக்கு சென்னை தரமணியில் இருக்கும் நிஃப்ட் என்கிற ஃபேஷன் படிப்புக் கல்லூரிப் பக்கமும், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் பக்கமும் வழி இருக்கிறது. அதை மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அவள் அப்பா. பத்து நாளாகப் பெண்ணோடு பேசவில்லை என்றீர்கள். அவர் பத்திர எழுத்தர் என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னீர்கள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா! நிலத்துக்கு நாலு பக்கமும் எல்லை எது என்று, அதாவது நான்கெல்லை எழுதாத பத்திரத்தில் அவர் யாரையாவது கையெழுத்துப் போட விடுவாரா? மாடலிங் ஒப்பந்தத்திலும் அதேதான். படத்தை எங்கெங்கே போடலாம், எத்தனை மாதம் போடலாம்? எழுதாவிட்டால் ஒரு நாள் சம்பளத்துக்கு எடுத்த படம் நாலு வருஷம் பஸ் முதுகில் ஊர் சுற்றும். வேறு நகைக்கடைக்குப் போகக் கூடாது என்றால் எத்தனை நாளைக்கு, அதற்கு என்ன தருவார்கள்? எடிட்டிங்கில் எதைத் தொடலாம்? உடை மாற்றத் தனி அறை உண்டா? அவளுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது, அவள் கையெழுத்து செல்லும். வீட்டில் தடுத்தாலும் அவள் போடலாம்.

அந்த ஏஜென்சி கொடுத்த நாலு பக்கத் தாளை நான் ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவர் மேஜைமேல், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் ‘நிரந்தரமாக, உலகெங்கும்’ என்று ஒரு வரி வருகிறது. அவர் கண்ணில் படாமல் போகாது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு மூன்று பேரும் வாருங்கள்.