நாணமும் இளிவரலும்

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வயது நாற்பத்து மூன்று. சென்ற மாதம் ஒரு நூலகத்தில் நடந்த சிறுகதைக் கலந்துரையாடலில், வாழ்க்கையில் முதன்முறையாக, கேள்வி கேட்க எழுந்தேன். ‘பழக்கம்’ என்ற சொல் என் வாயில் ‘பலக்கம்’ என்று வந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் “பழக்கம்” என்று உரக்கத் திருத்தினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் “நெவர் மைண்ட்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில்கூடத் தமிழில் எழுதுவதில்லை. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனும் தமிழில் பேசுவதில்லை. அவன் பேசியபோதெல்லாம் நாங்கள் சிரித்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. வள்ளுவர் நாணத்தை ஓர் உடைமையாகச் சொல்கிறார். அப்படியானால் இந்த வெட்கத்தை நான் வைத்துக்கொள்ள வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
உட்லண்ட்ஸ் வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் தொடக்கத்தில் ‘என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும்’ என்றொரு வரி இருந்தது. அதை நீக்கிவிட்டேன்; விடுபட்டிருந்த மூன்று ஒற்றுகளையும் சேர்த்தேன். ஒற்று சேர்ப்பது எனக்கு வரும் எல்லாக் கடிதங்களுக்கும் செய்கிற வேலை. மன்னிப்பை நீக்குவது மட்டும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் கடிதங்களுக்கே பெரும்பாலும் தேவைப்படுகிறது.

நீங்கள் வள்ளுவரைத் துணைக்கு அழைத்திருப்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளே, ‘கருமத்தால் நாணுதல் நாணு’ என்று எல்லை வகுத்துவிடுகிறது. தகாத செயலுக்காக நாணுவதே அவர் சொல்லும் நாணம். பெண்களுக்கு இயல்பென்று சொல்லப்படும் கூச்சம் வேறு வகை என்று அந்தக் குறளின் பிற்பகுதியே ஒதுக்கி வைக்கிறது. பொய்க்கணக்கு எழுதப்போகும் கையைப் பிடித்து நிறுத்துகிற உணர்ச்சியைத்தான் அவர் உடைமை என்கிறார். நாக்கு ஓர் எழுத்தில் பிறழ்ந்ததற்கு அங்கே இடமே இல்லை.

உங்களுக்கு நேர்ந்ததற்குத் தொல்காப்பியத்தில் வேறொரு சொல் இருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று இளிவரல்; பிறர் முன் தாழ்ந்துபோனதாகக் குன்றும் உணர்ச்சி. அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது பொருளதிகாரம். இந்த நான்கில் ஒன்றுகூடக் குற்றமில்லை என்பதைக் கவனியுங்கள். மூத்துப்போனதற்கும் நோயில் விழுந்ததற்கும் எளிய நிலையில் இருப்பதற்கும் மனிதர்கள் பிறர் முன்னால் குன்றிப்போகிறார்கள். செய்தது தவறு என்று நினைப்பவர் மன்னிப்புக் கேட்கலாம், ஈடு செய்யலாம். தானே தவறு என்று உணர்பவருக்கு ஒளிந்துகொள்வதைத் தவிர வேறு வழி புலப்படுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-ல் குற்றவுணர்வையும் அவமானவுணர்வையும் பிரித்துக் காட்டியதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான்: முன்னதில் மனம் செய்த காரியத்தையே சுற்றுகிறது, பின்னதில் தன்னையே சுற்றுகிறது.

அப்படி ஒளிந்துகொள்வது பார்ப்பவர் கண்ணுக்கு ஒளிவதாகத் தெரிவதில்லை. உங்கள் ‘நெவர் மைண்ட்’ அந்தப் பெரியவரின் காதில் அலட்சியமாகவே விழுந்திருக்கும். ‘எனக்குத் தமிழ் அவ்வளவா வராது’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் இளையர்களும், பிறர் சிரிப்பதற்கு முன்னால் தாமே சிரித்து முடித்துவிடுகிறார்கள். வீட்டில் தமிழையே அதிகம் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர் இந்தியர்களின் விகிதம் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடாகவும் 2020-ல் 27.9 விழுக்காடாகவும் இருந்தது. பள்ளி, வேலை, குடியேற்றம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா மேடைகளில் நாம் ஆர்வமின்மை என்று புலம்புவதில் ஒரு பகுதி வெறும் வெட்கம் என்பதே என் எண்ணம்.

மேலும், இங்கே பிள்ளைகளுக்கு மத்தளம்போல இரண்டு பக்கமும் இடி. வீட்டில் ‘போனாங்க’ என்று பேசிப் பழகிய பிள்ளையிடம் அது கொச்சை என்று வகுப்பில் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பாடநூலிலிருந்து தமிழ் கற்ற பிள்ளை ‘நேற்றுக் கடைக்குச் சென்றேன்’ என்றால், பாட்டி வீட்டில் எல்லாரும் அதை மேடைப் பேச்சு என்று கேலி செய்கிறார்கள். 2005-ல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்ன பிறகு பள்ளியில் நிலைமை மாறியது. உறவினர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எந்தக் குழுவும் பரிந்துரை அனுப்ப முடியாது. (ழகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ‘வாளைப்பளம்’ என்று சொல்லி நிம்மதியாகத் தின்கிறார்கள்.)

நானும் அந்த முன்வரிசைக்காரன்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தபோது, ‘மழை’யை ‘மலை’ என்று சொன்ன ஒரு மாணவியை என் மதிப்புரையில் மூன்று முறை நடித்துக் காட்டினேன். அரங்கம் ரசித்தது. அந்தப் பெண் தன் குறிப்பு அட்டையை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், பிறகு உள்ளங்கைக்குள் அடங்கும்வரை மடித்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் மூன்றாவது முறையும் நடித்தேன். வள்ளுவர் சொல்லும் நாணம் அன்று எனக்கு வந்திருக்க வேண்டும்; வீடு திரும்பும் ரயிலில்தான் வந்தது.

ஆகவே, உங்கள் கேள்விக்கு என் பதில் இரண்டாகப் பிரிகிறது. நூலகத்திலிருந்து எடுத்துவந்த வெட்கம் உங்களுடையது அல்ல, அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அது சொன்னவுடன் இறங்கிவிடாது, ஆள் குறைந்த இடங்களில் பலமுறை பேசித்தான் இறங்கும். மகனைப் பார்த்துச் சிரித்ததற்காக உங்களுக்கு வந்திருப்பது கருமத்தால் வந்த நாணம். அதை வைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் நேராக, “நான் சிரித்தது தப்பு” என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் நூலகத்தில் நடந்ததையும் சொல்லுங்கள். அவன் தமிழில் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பெரியவர் எந்த வரிசையில் இருந்தார், எத்தனை பேர் சிரித்தார்கள், என்ன சொல்லி அமர்ந்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கதையைப் பற்றி நீங்கள் கேட்க எழுந்த கேள்வி மட்டும் எங்குமே இல்லை. ஏதோ ஒரு பழக்கத்தைப் பற்றியது என்பதுவரைதான் ஊகிக்க முடிகிறது. அதை எனக்கு எழுதியனுப்புங்கள்.