டெசராக்ட் மூலநிரலில் ‘கன்ஃபிகர்’ கோப்பு இல்லாமை

வணக்கம். கோப்பாயிலுள்ள உங்கள் பாடசாலையின் பழைய ஆண்டு மலர்களை எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) மூலம் தட்டச்சு வடிவாக்குவதற்கு, அத்தகைய மென்பொருளான டெசராக்டின் வளர்ச்சிநிலை மூலநிரலைக் கிட் என்னும் கருவி வழியே இறக்கியதாகவும், உபுண்டுவில், தொகுப்பதற்கு முன் இயக்க வேண்டிய ‘கன்ஃபிகர்’ கோப்பே இல்லை என்று வழு வருவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

உங்கள் இறக்கம் பழுதாகவில்லை. மீண்டும் இறக்கித் தரவை வீணாக்க வேண்டாம். வளர்ச்சிநிலைக் களஞ்சியத்தில் அக்கோப்பு வைக்கப்படுவதில்லை. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக் ஆகிய கருவிகளையும் லெப்டோனிக்கா என்னும் படச் செயலாக்க நூலகத்தின் ‘டெவ்’ (நிரலாக்க) பொதியையும் நிறுவிவிட்டு, மூலநிரல் கோப்புறையிலுள்ள ‘ஆட்டோஜென்’ நிரலை இயக்கினால் அது அங்கேயே உருவாகும். பிறகு கன்ஃபிகர், மேக், நிர்வாகி உரிமையுடன் மேக் இன்ஸ்டால், இறுதியில் எல்டிகான்ஃபிக். இந்தக் கடைசிக் கட்டளையை விட்டுவிட்டால், நிறுவிய நூலகத்தையே காணவில்லை என்று டெசராக்ட் முறையிடக்கூடும்.

பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். தமிழ் எழுத்துகளை அடையாளம் காணத் தேவையான பயிற்சித் தரவுக் கோப்பு மூலநிரலுடன் வராது. உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் மூலம் முன்பு நிறுவிய தமிழ்த் தரவையும் நீங்கள் தொகுத்த டெசராக்ட் தானாகத் தேடாது, ஏனெனில் அது இயல்பாகப் பார்ப்பது ‘யூஎஸ்ஆர் லோக்கல் ஷேர்’ பாதையின் கீழுள்ள ‘டெஸ்டேட்டா’ கோப்புறையை மட்டுமே. தமிழ்க் கோப்பை அங்கே வையுங்கள். வேகத்தைவிடத் துல்லியம் முக்கியமான இத்தகைய பணிக்கு டெசராக்டின் ‘டெஸ்டேட்டா பெஸ்ட்’ களஞ்சியத்திலுள்ள தமிழ்க் கோப்பையே நான் பரிந்துரைப்பேன். மலர்களில் பழைய வடிவ ணை, லை, றா எழுத்துகள் இருந்தால், அப்பக்கங்களை அவசியம் கண்ணால் ஒப்புநோக்குங்கள்.