அந்த அக்காவோடு கடவுள் பேசுகிறார், என்னோடு ஏன் இல்லை?

அன்புள்ள சிஸ்டர்,

எனக்கு வயது 44. முல்லைத்தீவு மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. பிறப்பிலேயே கத்தோலிக்கம். ஆனால் கொஞ்சக் காலமாகச் செபம் வாயோடு நிற்கிறது. செபமாலையில் இரண்டாம் பத்து முடியமுன்னம் மனம் பள்ளிக்கூடத்துக்கும் சீட்டுக் காசுக்கும் போய்விடும். பைபிளை ஒரு வருசத்தில் வாசித்து முடிக்கும் அட்டவணை ஒன்று எடுத்தேன். லேவியரோடு விட்டாச்சு.

பக்கத்து வளவு அக்கா முந்தி எங்களோடு கோயிலுக்கு வந்தவ, இப்ப சபைக்குப் போறா. விடிய எழும்பி முழங்காலில் நின்று செபிக்கிறா. "இன்றைக்கு ஆண்டவர் எனக்கு இதைச் சொன்னார்" என்று வேலிக்கு மேலால் சொல்லுவா. முந்தி பூசையில் தூங்கினவ அவதான்! எங்கள் சுவாமியிடம் கேட்டேன். நற்கருணைக்கு முன்னால் அரைமணி நேரம் சும்மா இருங்கோ என்றார். இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எழும்பிப் பூச்சாடிக்குத் தண்ணி மாற்றப் போய்விட்டேன்.

இவரும் உதவியில்லை. வயலும் உழவு மெசினும்தான், செபமாலைக்கு வரமாட்டார். ஒவ்வொரு பின்னேரமும் இதில் ஒரு சண்டை. ஆவணியில் மடுவுக்குப் போனோம், கூடாரம் அடித்து இருந்தோம். அங்கேயும் சமையலும் பிள்ளைகளைத் தேடுவதுமாய்ப் போய்விட்டது. கார்த்திகையில் இறந்தோர் பட்டியலுக்கு அப்பா, அம்மா, பெரியம்மா எல்லார் பெயரும் எழுதிக் கொடுத்தேன். 2009 போரில் மாத்தளனில் காணாமற்போன தம்பியின் பெயரை மட்டும் அதில் எழுதுவதில்லை, உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டிலும் இப்ப சொல்வதில்லை. அம்மா கடைசிவரை சொன்னவ. அது வேறு விசயம்.

அந்த அக்கா ஒருநாள் தம்பியைப் பற்றியும் தரிசனத்தில் கண்டதாக ஏதோ சொல்ல வெளிக்கிட்டா. அடுப்பில் சோறு என்று சொல்லி வந்துவிட்டேன். அவவோடு மட்டும் கடவுள் பேசுகிறார். என்னோடு ஏன் பேசுகிறாரில்லை? செபத்தில் ஆழமாகப் போக நான் என்ன செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

பதில்

அன்புச் சகோதரி,

மனம் அலைவதை முதலில் முடித்துவிடுவோம், அதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. செபத்தின் ஆசிரியை என்று திருச்சபை கொண்டாடும் அவிலாவின் புனித தெரேசாவே, சில வருடங்கள் செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். லேவியரில் நின்றதும் சோம்பல் அல்ல. விடுதலைப் பயணம் 25ஆம் அதிகாரத்திலிருந்து கூடாரத்தின் அளவுகள், அதற்குப் பிறகு பலிச் சட்டங்கள். கதையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பலர் அங்கேதான் இறங்கிவிடுகிறார்கள். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று வாசியுங்கள்.

இப்போது "அது வேறு விசயம்" என்ற வரிக்கு வருகிறேன். அது வேறு விசயமில்லை, சகோதரி. உங்கள் கடிதத்தின் விசயமே அதுதான்.

கோயிலில் இரண்டு பட்டியல் இருக்கிறது. இறந்தோர் பட்டியலில் எழுதினால் தம்பியை நீங்களே சாகடித்த மாதிரி. மற்றதில் சொன்னால் ஒவ்வொரு நாளும் பதிலில்லாத ஒரு கேள்வியைக் கேட்ட மாதிரி. அதனால் இரண்டிலும் விட்டுவிட்டீர்கள். பவுலின் பாஸ் என்ற உளவியலாளர் 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை ஆராய்ந்து, இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை, அதனால் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. இது உங்கள் விசுவாசக் குறைவல்ல. காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு, கிளிநொச்சியில் 2017 மாசி 20ஆம் திகதி போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரும் இறந்தோர் பட்டியலை ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள்.

பூச்சாடித் தண்ணீரையும் அடுப்பில் சோற்றையும் பாருங்கள். அமைதி வந்தது, எழும்பினீர்கள். தம்பியின் பேச்சு வந்தது, எழும்பினீர்கள். கடவுள் வாய் திறந்தால் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம் உங்களுக்கு. அந்தப் பயத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, வருகிறாரில்லை என்று முறைப்பாடு வைப்பது சரியில்லை. அக்கா மேலுள்ள எரிச்சலில் பாதியும், கணவரோடு பின்னேரச் சண்டையில் பாதியும் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

யோவான் 11ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். மார்த்தா இயேசுவைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்கிறாள். 32ஆம் வசனத்தில் மரியாவும் அதையே சொல்கிறாள். அவர் இருவரையும் கண்டிக்கவில்லை. 35ஆம் வசனத்தில் அழுகிறார். அந்தச் சகோதரிகளுக்குச் சகோதரன் இறந்தது தெரியும், உங்களுக்கு அதுவும் தெரியாது. அப்படியானால் கோபப்பட உங்களுக்கு இன்னும் கூடுதலான உரிமை இருக்கிறது. கடவுளோடு மரியாதையாக மட்டும் பேசிக்கொண்டிருந்தால் உறவு வாசலோடு நின்றுவிடும்.

அரைமணி நேரம் வேண்டாம், 10 நிமிடம் போதும். விடியக்காலை, தேத்தண்ணீருக்கு முன்னால், கதிரையில் நிமிர்ந்து இருங்கள். படுக்கையில் இருந்தால் நித்திரை வரும். சிலுவை அடையாளம் போட்டு, 13ஆம் திருப்பாடலைச் சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். ஆறே வசனம், "இன்னும் எத்தனை நாள்" என்ற கேள்வியோடு தொடங்கும். பிறகு தம்பியின் பெயரைச் சொல்லுங்கள். அதன்பின் ஒரு வாக்கியம் மட்டும்: கோபம் என்றால் கோபம், பயம் என்றால் பயம். பிறகு பேசாமல் இருங்கள், ஒரு பத்து செபமாலை சொல்லும் நேரம். எழும்பவேண்டும் போல வரும், அந்த இடத்தில்தான் இருக்கவேண்டும். பரலோக மந்திரம் சொல்லி முடித்துவிடுங்கள். அழுகை வந்தாலும் நேரத்தை நீட்ட வேண்டாம், இல்லாவிட்டால் அடுத்த நாள் அந்தக் கதிரைக்குக் கிட்டவே போகமாட்டீர்கள். திருப்பாடல் 13 நம்பிக்கையோடு முடிகிறது. அது பொய்யாகப் படும் நாட்களில் 88ஐ எடுங்கள், அதன் கடைசி வரி இருளிலேயே நிற்கிறது. 150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இப்படிப் புலம்பல்தான்.

வழக்கமாகப் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு: நேர்த்தி. தம்பியைக் காட்டினால் மடுவுக்கு நடந்து வருகிறேன் என்று பேரம் தொடங்கினால், பதிலுக்காகக் கனவையும் சகுனத்தையும் எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். மௌனம் மௌனமாகவே இருக்கட்டும்.

பட்டியலுக்கும் வழி இருக்கிறது. உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். சுவாமியிடம் போய், "தம்பிக்காக ஒரு பூசை, பெயரை மட்டும் வாசியுங்கோ, ஆன்ம இளைப்பாற்றி என்று சொல்லவேண்டாம்" என்று கேளுங்கள். தம்பி எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று கடவுளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அக்கா நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் அவர் கண்ட தரிசனத்தை நீங்கள் கேட்கக் கடமைப்படவில்லை. "தம்பிக்காகச் செபியுங்கோ அக்கா, கண்டதை எனக்குச் சொல்லாதேங்கோ" என்று நேரே சொல்லுங்கள். தம்பியின் பெயரைச் சொல்லத் தொடங்கியபின் கிழமைக்கணக்கில் நித்திரையோ சாப்பாடோ இல்லாமல் போனால், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். அது செபத்துக்கு எதிரானதல்ல.

கணவரைச் செபமாலைக்கு இழுப்பதை இப்போதைக்கு விடுங்கள். தம்பியின் பெயரை முதல்முறை சத்தமாகச் சொல்லும் விடியலில் பக்கத்தில் இருக்கச் சொல்லி மட்டும் கேட்டுப் பாருங்கள். 53 அருள் நிறைந்த மரியேக்கு வராதவர் 10 நிமிடத்துக்கு வரக்கூடும்.