தெரபிஸ்ட் "என் மேல கோவமா?"ன்னு கேக்கறாங்க, இது சரியான ட்ரீட்மென்ட் தானா?

கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. வயசு 34, ஐடி வேலை, ரெண்டு குழந்தைங்க. ஆபீஸ், மாமியார் வீடு, அம்மா வீடுன்னு எல்லாருக்கும் "சரி சரி"ன்னு தலையாட்டியே தூக்கம் கெட்டுப் போய், ஒரு தெரபிஸ்ட்கிட்ட போக ஆரம்பிச்சிருக்காங்க. அந்தம்மாவோட ப்ரொஃபைல்ல எம்ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி, ஆஸ்பத்திரி அனுபவம், உறவை மையமா வெச்ச தெரபி, "நானும் சில வருஷம் தெரபி எடுத்திருக்கேன்" இவ்வளவும் இருக்கு. போன மாசம் ஒரு செஷனை அவங்க கடைசி நேரத்துல கேன்சல் பண்ண, இவங்க "பரவால்ல மேடம்"னு மெசேஜ் போட்டுட்டாங்க. அடுத்த தடவை போய் உக்காந்ததும் "நான் கேன்சல் பண்ணது உங்களுக்கு எப்படி இருந்துச்சு, என் மேல கோவம் வந்திருந்தாலும் சொல்லலாம்"னு கேட்டாங்களாம். இவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் மாமியார் பிரச்சனைக்குத் தானே வந்தேன், இவங்களைப் பத்தி எதுக்குப் பேசணும், ஒரு ஐடியாவும் குடுக்க மாட்டேங்கறாங்க, வீட்டுக்காரர் வேற "பேசறதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா"ங்கறார், தொடரட்டுமா, ஆளை மாத்தட்டுமா? இதான் கேள்வி.

முதல்ல படிப்பு விஷயத்தை முடிச்சிடுவோம். நம்ம ஊர்ல சைக்கோதெரபிஸ்ட்னு போர்டு வெச்சுக்கறதுக்குன்னு தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது, அதனால பேருக்கு முன்னாடி என்ன போட்டிருக்குன்னு பாக்கறதை விட பின்னாடி என்ன படிப்புன்னு பாருங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அவங்ககிட்ட பதிவு பண்ணியிருக்கணும், 1992ல வந்த சட்டத்துல இருக்கற விஷயம் இது. எம்ஃபில்னா ரெண்டு வருஷம் முழுநேரமா, சீனியர் கண்காணிப்புல நிஜ பேஷன்ட்களைப் பாத்துப் படிக்கற படிப்பு. பதிவு நம்பர் ஒண்ணு இருக்கும், "மேடம் உங்க ஆர்சிஐ நம்பர் என்ன"ன்னு நேராவே கேளுங்க, தப்பே இல்ல, முறையா படிச்சவங்க யாரும் இதுக்கு மூஞ்சி சுளிக்க மாட்டாங்க. எம்ஏ, எம்எஸ்ஸி சைக்காலஜி முடிச்சு கவுன்சலரா இருக்கறவங்கள்ல ரொம்ப நல்லா செய்யறவங்களும் இருக்காங்க, ஆனா வீக்கெண்ட் சர்டிபிகேட் கோர்ஸ் முடிச்சு ரீல்ஸ் போட்டு கிளம்பினவங்களும் அதே வரிசையில தான் நிக்கறாங்க, அதனால எங்க பயிற்சி, இப்ப யார்கிட்ட சூப்பர்விஷன், அதாவது தன் கேஸ்களை சீனியர் ஒருத்தர்கிட்ட சொல்லி ஆலோசனை கேக்கறது, எடுக்கறீங்கன்னு ரெண்டு கேள்வி கேட்டே ஆகணும். மாத்திரை எழுதறது சைக்கியாட்ரிஸ்ட் வேலை, அவர் எம்பிபிஎஸ் முடிச்ச டாக்டர், சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதினா எழுந்து வந்துடுங்க.

அப்புறம், அவங்களே தெரபி எடுத்திருக்காங்கன்னா அவங்களுக்கே பிரச்சனையோன்னு கேட்டிருந்தீங்க. அப்படி இல்ல. 1920கள்ல பெர்லின்ல மனப்பகுப்பாய்வுக்கு (சைக்கோஅனாலிசிஸ், மனசுக்குள்ள புதைஞ்சு கிடக்கறதைப் பேசிப் பேசி வெளிய கொண்டு வர்ற முறை) பயிற்சி நிலையம் நடத்தினப்பவே, படிக்க வர்றவர் முதல்ல தானே ஒருத்தர்கிட்ட பகுப்பாய்வுக்கு உக்காரணும்னு விதி வெச்சாங்க. இந்தியாவுக்கும் இது புதுசு கிடையாது, கல்கத்தால கிரீந்திரசேகர் போஸ் 1922லயே மனப்பகுப்பாய்வு சங்கம் ஆரம்பிச்சிட்டார். காரணம் சிம்பிள், உங்க அம்மாவைப் பத்தி நீங்க அழும்போது அவங்க அம்மா ஞாபகம் அவங்களுக்கு வரும், அது எங்க வருது, எப்படி வருதுன்னு ஏற்கனவே தெரிஞ்சு வெச்சிருந்தா தான் அதை உங்க மேல கொட்டாம இருப்பாங்க. என்னைக் கேட்டா ப்ரொஃபைல்ல இதை வெளிப்படையா போட்டிருக்கறது நல்ல விஷயம்.

இப்ப மெயின் கேள்விக்கு வர்றேன். 1957ல கார்ல் ராஜர்ஸ்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஒரு கட்டுரை எழுதினார், தெரபிஸ்ட் எந்த டெக்னிக் போடறார்ங்கிறதை விட, வர்றவரை உள்ளபடி ஏத்துக்கறாரா, அவர் இடத்துலேர்ந்து புரிஞ்சுக்கறாரா, தானே நடிக்காம இருக்காரான்னு தான் பாக்கணும்னார். இது மட்டுமே போதும்னும் சொன்னார், அதை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். 1979ல எட்வர்ட் போர்டின் இன்னும் தெளிவா பிரிச்சார், எதுக்காக வர்றோம், அதுக்கு என்ன வேலை செய்யப் போறோம்ங்கிற ரெண்டுலயும் ரெண்டு பேருக்கும் ஒத்த கருத்து, அதோட நடுவுல ஒரு பிணைப்பு, இந்த மூணும் சேர்ந்தது தான் தெரபி உறவு. 2018ல 295 ஆய்வுகளை, மொத்தம் 30,000 பேருக்கு மேல, ஒண்ணா சேர்த்துப் பாத்தப்ப இந்த உறவு நல்லா இருந்த இடத்துல பலனும் நல்லா இருந்துச்சு, சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தப் பழக்கற தெரபி) மாதிரி ஹோம்வொர்க் குடுக்கற முறையிலயும் அப்படித்தான். ஆனா பலன்ல இருக்கற வித்தியாசத்துல சுமார் 8 சதவீதத்தோட தான் இது சம்பந்தப்படுது, அதனால உறவு இருந்தா எல்லாம் சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உங்க தெரபிஸ்ட் செஞ்சது இதுக்கும் ஒரு படி மேல. நியூயார்க்ல ஜெரமி சாஃப்ரன்னு ஒருத்தர், தெரபில ரெண்டு பேருக்கும் நடுவுல விரிசல் விழற நேரத்தை மட்டும் எடுத்து பல வருஷம் ஆராய்ச்சி பண்ணார். விரிசல் ரெண்டு விதமா வரும்னார். ஒண்ணு நேரா சண்டை போடறது, இன்னொண்ணு சத்தமில்லாம ஒதுங்கறது, அதாவது சிரிச்சுக்கிட்டே "பரவால்ல மேடம்"னு மெசேஜ் போட்டுட்டு உள்ள தள்ளிப் போயிடறது. உங்க லெட்டரை நீங்களே திரும்பப் படிங்க, மாமியார் ஞாயித்துக்கிழமை திடீர்னு சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்தா "பரவால்ல அத்தை"ங்கறீங்க, மேனேஜர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை குடுத்தா "பாத்துக்கறேன்"ங்கறீங்க, அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பாக்கறீங்க. அதே பரவால்ல தான் தெரபிஸ்ட்டுக்கும் போயிருக்கு. மாமியார் விஷயத்துல அவங்களால வீட்டுக்கு வந்து எதுவும் செய்ய முடியாது, ஆனா இது அந்த ரூம்லயே, அவங்க கண்ணு முன்னாடியே நடக்குது, அதைப் பிடிச்சு "கோவம் வந்தா சொல்லலாம்"னு கதவைத் திறந்திருக்காங்க. நீங்க நிஜமாவே "ஆமா மேடம், கடுப்பா இருந்துச்சு, லீவு போட்டுட்டு இருந்தேன்"னு சொல்லி, அவங்க உடைஞ்சும் போகாம, முறைச்சும் பாக்காம "சாரி, நியாயம் தான்"னு கேட்டுக்கிட்டா, கோவத்தைச் சொன்னா ஆள் விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு உங்களுக்குள்ள இருக்கற பழைய கணக்கு மொத தடவையா தப்பாகுது. மாமியார்கிட்ட இப்படிப் பேசுங்கன்னு ஐடியா குடுத்திருந்தா அதுக்கும் "சரி மேடம்"னு தான் தலையாட்டிட்டு வந்திருப்பீங்க, இல்லையா?

ஆனா உறவுன்னா ஃபிரண்ட்ஷிப் இல்ல. செஷன்ல பாதி நேரம் அவங்க கதையையே சொல்றாங்க, நைட்டு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல அரட்டை, அவங்க தம்பிக்கு உங்க கம்பெனில வேலை கேக்கறாங்க, வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடறாங்கன்னா ஆளை மாத்துங்க. நீங்க பேசறது வெளிய போகக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு, உங்க அனுமதியில்லாம உங்க வீட்டுக்காரர் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்துங்கிற மாதிரி சில விதிவிலக்கு தான்.

எல்லாத்துக்கும் இந்த முறை தான்னும் இல்ல. கை கழுவிக்கிட்டே இருக்கற மாதிரி, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வர்ற ஓசிடிக்கு அதுக்குன்னே தனி தெரபி முறை இருக்கு, அது தான் முதல்ல. காதுல குரல் கேக்குது, நாள் கணக்கா எழுந்திரிக்கவே முடியலன்னா சைக்கியாட்ரிஸ்ட் கட்டாயம். உங்களுக்கும் தூக்கம் மாசக் கணக்கா கெட்டிருந்தா தைராய்டு, ஹீமோகுளோபின் ஒருக்கா பாத்துடுங்க, எல்லாத்தையும் மாமியார் தலையில போட வேண்டாம். செத்துடலாம்னு எண்ணம் வந்தா அடுத்த செஷன் வரைக்கும் காத்திருக்காம 14416க்கு அடிங்க, டெலிமானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

இப்ப உங்க முடிவு. இப்போதைக்கு மாத்தாதீங்க. அடுத்த செஷன்ல எனக்கு எழுதினதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க, "நீங்க ஐடியா குடுக்க மாட்டேங்கறீங்க, காசு வேஸ்ட்டோன்னு தோணுது"ன்னு. வாயில வரலன்னா போன்ல டைப் பண்ணி வெச்சுக்கிட்டு அங்க படிச்சுக் காட்டுங்க. அவங்க ஆர்வமா மேல கேட்டு, எதுக்காக இப்படிப் போறோம்னு விளக்கி, தேவைப்பட்டா முறையைக் கொஞ்சம் மாத்திக்கறேன்னாங்கன்னா தாராளமா தொடருங்க. "உங்களுக்கு ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி", அதாவது நீங்க தான் மாற விடாம தடுக்கறீங்கன்னு பழியை உங்க மேலயே திருப்பினாங்கன்னா அந்த மாசத்தோட கணக்கை முடிச்சுக்கலாம். வீட்டுக்காரருக்கு நீங்க எந்த விளக்கமும் குடுக்க வேண்டியதில்ல, ரொம்பக் கேட்டார்னா தெரபிஸ்ட்கிட்ட கேட்டுட்டு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க.