டென்ட் இருக்கட்டும், முதலில் தரையைப் பாருங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறோம். அரையாண்டு விடுமுறையில் நானும் கணவரும் மாமியாரும் 10, 6 வயதுப் பிள்ளைகளுமாக, மலையில் ஏதாவது ஒரு தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்க ஆசை. டென்ட் வாங்கிவிட்டோம். எங்கே போடலாம்? குளிருக்கு என்ன எடுத்துப் போவது?

பதில்: நல்ல ஆசை. ஆனால் காட்டுக்குள் நாமாகப் போய் டென்டை விரிக்க முடியாது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதை நினைத்தால் வனத்துறையின் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது பாம்பாடும் சோலை. தேனி, போடிமெட்டு வழியாக மூணாறு போய், டாப் ஸ்டேஷன் சாலையில் வட்டவடைப் பக்கம் போக வேண்டும். 12 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான, கேரளத்தில் உள்ள சிறிய தேசியப் பூங்கா. அங்கே கேரள வனத்துறையின் மரக்கட்டை வீடு இருக்கிறது; முன்பதிவு செய்துதான் தங்க முடியும். ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கும் வயதில் உள்ளவருக்கு டென்டுக்குள் குனிந்து நுழைவது தண்டனை, அதனால் மாமியாருக்காகவே இதைத்தான் முதலில் பார்ப்பேன். டென்ட்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், ஓர் இரவு மட்டும் பூங்காவுக்கு வெளியே உரிமம் உள்ள முகாமில் தங்குங்கள். பணம் கட்டுமுன் உரிமத்தைக் கேளுங்கள். யானை வரும் வழியா என்பதை முகாம்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து டீக்கடையில் கேளுங்கள்.

அடுத்து குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். பாம்பாடும் சோலை 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில் மதுரையில் 21 டிகிரி என்றால் அங்கே 10-க்குக் கீழே போகும். நம் ஊர்க்காரர்கள் இதற்கு நாலு கம்பளி எடுத்துப் போய், நாலையும் மேலே போர்த்திக்கொண்டு விடிய விடிய நடுங்குவார்கள். உடம்புச் சூட்டைக் கூடுதலாக இழுப்பது தரைதான். கம்பளிக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. உடம்பின் கனத்தில் கீழே உள்ள துணி நசுங்கி அந்தக் காற்று போய்விடும். அதனால் முதலில் தார்ப்பாய், அதன்மேல் நசுங்காத ஃபோம் விரிப்பு, அப்புறம் கோரைப்பாய், ஜமுக்காளம். பாதிக் கம்பளி கீழே, பாதி மேலே. பகலில் போட்ட சாக்ஸை அப்படியே போட்டுப் படுக்க வேண்டாம், வியர்வை ஈரமே காலை விறைக்க வைக்கும்.

விடியற்காலை டென்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டாம். ஐந்து பேர் மூச்சில் இருந்த ஈரம், குளிர்ந்த துணியில் படிந்ததுதான் அது. இதைத் தடுக்க மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். குளிருக்காக எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டுக் கரி அடுப்பையோ தணலையோ உள்ளே வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

சாப்பாடு: அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. சமைக்க அனுமதி உள்ள இடமென்றால் குக்கர் கொண்டு போங்கள். முதல் நாளுக்குப் புளியோதரை போதும். அரிசி, வாழைப்பழம், வெல்லம் எதையும் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, 2023-இல் கம்பத்துத் தெருவுக்கே வந்தது நினைவிருக்கும்.

போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாயில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு நார்த்தங்காய் கொடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஓர் இரவு மொட்டை மாடியில் அந்த டென்டைப் போட்டு எல்லோரும் படுத்துப் பாருங்கள். இருட்டில் சின்னப் பிள்ளைக்கு ஜிப்பைத் தானே திறக்கத் தெரிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.